மூடித் திறந்து பார்

திகன
10.06.2025

அன்புள்ள சுபா,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன் எடுத்தால் ஒரு மணி அடித்ததும் அறுந்துபோகிறது. மின்னஞ்சலை மட்டும் மறந்துவிட்டாய் போல, அது போகிறது. ஆகவே கடிதம். ஓ.எல். பரீட்சையில் "நண்பிக்கு ஒரு கடிதம் எழுதுக" என்று கேட்டதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். அன்றைக்கும் எனக்குப் புள்ளி குறைவு.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. போன வருஷம் மாதிரி நீ வருவாய் என்று உம்மா உனக்கென்று ஒரு கிண்ணம் வட்டிலப்பம் எடுத்து வைத்தார். வரமாட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் நானே சாப்பிட்டுவிட்டு "சுபாக்குக் குடுத்தனுப்பிட்டேன் உம்மா" என்றேன். எங்காவது உம்மாவைக் கண்டால் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை கந்தோரில் அரூஸ் நானா முதலாளித் தோரணையில் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். வெப்சைட்டுகளின் டெம்ப்ளேட் கோப்புகளை இனி யாரும் பிரவுசருக்குள் இருக்கிற அந்தக் குட்டிப் பெட்டியில் திருத்தக் கூடாதாம். வெளியே தனியாக ஒரு எடிட்டர் வேண்டுமாம். "எல்லாருக்கும் ஒரே எடிட்டர். எது நல்லதுன்னு றமீஸா பாத்துச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

ஒரு கிழமையாக இணையத்தில் வாசிக்கிறேன். தலை சுற்றுகிறது. ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தான் பாவிக்கும் எடிட்டரைப் பாவிக்காதவன் மனிசனே இல்லை என்று ஒருவன் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் வெள்ளைக்காரருக்கு எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் செய்கிறவளுக்கு எது நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நீ என்றால் எதைப் பார்த்துத் தெரிவு செய்வாய்? அதற்கு மட்டும் பதில் போடு. மே மாதம் நடந்ததைப் பற்றி இதில் நான் எதுவும் எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

றமீஸா

* * *

ஹேவாஹெட்ட
12.06.2025

றமீஸா,

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

மே ஏழாம் திகதி, புதன்கிழமை. தாதி உதவியாளர் பயிற்சி நிலையத்தின் விண்ணப்பப் பக்கம். நான் இரண்டு மாதம் இருந்து செய்த பக்கம். சிங்களப் படிவம் சரி, ஆங்கிலப் படிவம் சரி. தமிழ்ப் படிவத்தில் மட்டும் ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வரிசையாகக் கேள்விக்குறி. வியாழனும் வெள்ளியும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா, நான் லீவு. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு விண்ணப்பம் முடிந்தது. பெயர் எங்கே எழுதுவது, ஊர் எங்கே எழுதுவது என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகள் விட்டார்களோ. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பாலம்மா அக்காவின் மகள் நிலூஷா விட்டாள். இலவசப் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம், முடிந்ததும் வேலை. நான்தான் அந்தப் பக்கத்தைச் செய்கிறேன் என்று லயம் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன்.

வெசாக் லீவு முடிந்து வந்ததும் அரூஸ் நானா பதிவைக் காட்டினார். கோப்பைக் கடைசியாகச் சேமித்தது "சுபாஜினி", மாலை ஐந்து இருபது. அந்த நேரம் நான் தலாத்துஓயா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நான் வீட்டிலிருந்தும் வேலை செய்கிறவள்தானே என்றார். "சுபாட பாஸ்வேர்ட் வேற யார்ட்டயாவது ஈக்கா?" என்று எல்லோரையும் கேட்டார். நீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அவ அப்பிடிச் செய்ய மாட்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேலை போய், இப்போது பஜாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் இருக்கிறேன். குழாயடியில் பாலம்மா அக்கா என்னைக் கண்டால் குடத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். "நம்ம புள்ளையே நம்மளக் கவுத்திருச்சு" என்று என் காதுபடவே சொன்னார்.

சரி. எடிட்டர்.

நிறத்தைப் பார்த்து எடுக்காதே. நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நாலு விதமாகச் சோதி. ஒன்று: கொழுந்து, பௌர்ணமி, ஸ்ரீ என்று ஒரு வரி எழுதிச் சேமி. சேமித்த பிறகு திரை அழகாகத்தான் இருக்கும், திரையை நம்பாதே. கோப்பை மூடி, திரும்பத் திறந்து பார். இரண்டு: "கொ"வுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தரம் அழி. எவ்வளவு போகிறது என்று பார். மூன்று: ஓர் அடைப்பை வேண்டுமென்றே மூடாமல் விடு. சொல்கிறதா என்று பார். நாலு: பாதி எழுதும்போது மெயின் சுவிட்சை அணை. அரூஸ் நானா இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்.

இது உனக்காக எழுதியதில்லை. கேள்வி நல்ல கேள்வி, அதனால் எழுதினேன்.

சுபாஜினி

* * *

திகன
14.06.2025

அன்புள்ள சுபா,

நீ எழுதியதை நாலு தரம் வாசித்தேன். முதல் பாதிக்குப் பதில் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாம் பாதிக்குச் சொல்கிறேன், கோபிக்காதே.

கந்தோரின் புதுக் கம்பியூட்டரில் மூன்று எடிட்டர்களைப் போட்டேன். உண்மைப் பெயர் எல்லாம் வாயில் நுழையவில்லை, நானே பெயர் வைத்துவிட்டேன்.

முதலாவது கறுப்பன். திரை முழுக்கக் கறுப்பு, எழுத்து ஏழு நிறம். நீ சொன்னது சரி, பார்த்ததும் மனம் போய்விட்டது. ஆனால் அதில் தமிழ் எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது. கொம்புக்கு மேலே இடம் இல்லை, பௌர்ணமி தொப்பி கழற்றின மாதிரி நிற்கிறது. கறுப்பனுக்குக் கரண்ட் போனதும் தெரியாது, எழுதியதெல்லாம் போச்சு.

இரண்டாவது மாமியார். அடைப்பை மூடாமல் விட்டால் சிவப்பாகக் கோடு போட்டு, தானே மூடியும் விடுகிறது. அதோடு நிற்காது. சேமித்தால் நான் வைத்த வரியெல்லாம் தன் இஷ்டத்துக்குத் தள்ளி, இழுத்து, அடுக்கி வைக்கிறது. ஒரு கோப்பைத் திறந்து ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன், நூற்றுப் பத்து வரி மாறியிருந்தது. கேட்காமல் அடுப்படிக்குள் வந்து சாமான் மாற்றி வைக்கிற ஆள் எனக்கு வேண்டாம்.

மூன்றாவது சிட்டு. சின்னது, தட்டினால் பறந்து வருகிறது. நம் கந்தோரின் பழைய மெசின்களிலும் ஓடும். பெரிய வித்தை ஒன்றும் தெரியாது. ஆனால் கரண்ட் போய் வந்து திறந்தபோது, நான் எழுதிய பாதி வரி அப்படியே இருந்தது. கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

மூடித் திறந்து பார்க்கிற சோதனையில் மூன்றும் பாஸ். "கொ"வை அழித்தால் மாமியார் முழுசாக விழுங்குகிறது. மற்ற இரண்டும் முன்னாலும் பின்னாலும் உள்ளதை மட்டும் பிடுங்கிவிட்டு "க"வை விடுகின்றன. ஏன் அப்படி? இதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

றமீஸா

* * *

ஹேவாஹெட்ட
15.06.2025

றமீஸா,

"கொ" நம் கண்ணுக்கு மூன்று துண்டு. கம்பியூட்டருக்கு இரண்டே துண்டு, "க" ஒன்று, "ஒ" ஓசை ஒன்று. சிட்டு இரண்டாவதை மட்டும் அழிக்கிறது. அதுதான் நல்லது, எழுத்துப் பிழையைத் திருத்த லேசு. உன் கேள்விக்குப் பதில் முடிந்தது.

இப்போது என் கேள்வி. கடையில் போட்டோகொப்பி எடுக்க ஆள் வராத நேரம், ஒரு மாதமாக ஒரே ஒரு காரியம்தான் செய்கிறேன். அந்தத் தமிழ்ப் பக்கம் எப்படிக் கேள்விக்குறி ஆனது என்று அதை மறுபடி உண்டாக்கப் பார்க்கிறேன். என் பக்கத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. பிரவுசர்ப் பெட்டியில் தலைகீழாக ஒட்டிப் பார்த்தேன். எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திப் பார்த்தேன். கட்டம் கட்டமாக வருகிறது, கோணல்மாணலாக வருகிறது, வெறுமையாகக்கூட வருகிறது. கேள்விக்குறி மட்டும் வரமாட்டேன் என்கிறது. பிழையைச் செய்தவள் நான்தான் என்றால், என்னால் ஏன் அதை இரண்டாம் தரம் செய்ய முடியவில்லை?

எனக்குத் தூக்கம் கெட்டதுகூட வேலை போனதால் இல்லை, இதனால்தான். உனக்கு இது விளங்கும், நீயும் என்னைப்போல் நோண்டுகிற ஆள்தான்.

நீ மூன்று எடிட்டரைச் சோதித்தாய். நாலாவது ஒன்று உன் மேசையிலேயே இருக்கிறது. நீ சேர்ந்த நாளிலிருந்து, நம்மிடம் வேலை கொடுத்திருக்கிற அந்தச் சங்கத்தின் பழைய வெப்சைட்டுக்கு ஒன்றைப் பாவிக்கிறாயே, அது. அதில் நீ சோதனை செய்ததாக எழுதவில்லை. தினமும் பாவிப்பதை ஏன் விட்டாய்? அதையும் மூடித் திறந்து பார்த்து எழுது.

சுபாஜினி

* * *

கண்டி, கந்தோரிலிருந்து
17.06.2025

சுபா,

செய்தேன்.

கொழுந்து, பௌர்ணமி, ஸ்ரீ. எழுதும்போது அழகாக இருந்தது. வேறு ஜன்னலுக்குப் போனேன், தானாகச் சேமித்துக்கொண்டது. நான் அப்படித்தான் செட் பண்ணி வைத்திருக்கிறேன், சேமிக்க மறந்துபோகிறேன் என்பதால். திரையில் அப்போதும் அழகாக இருந்தது. மூடினேன். திறந்தேன்.

எல்லாம் கேள்விக்குறி.

ஏன் என்று தேடினேன். சங்கத்தின் வெப்சைட் பதினைந்து வருஷம் பழையது, தமிழ் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. உனக்குத் தெரியும், பாமினியில் கோப்புக்குள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. அந்தக் கோப்புகளைப் புது முறையில் சேமித்தால் அங்கங்கே குறியீடுகள் கெட்டுப்போகின்றன என்று, "எந்தக் கோப்பையும் பழைய முறையிலேயே சேமி" என்று நானே ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டிருக்கிறேன். போன வருஷம். போட்டதையே மறந்துவிட்டேன்.

பாமினிக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால்

சுபா, பிறகு எழுதுகிறேன்.

றமீஸா

* * *

ஹேவாஹெட்ட
17.06.2025, பின்னேரம்

றமீஸா,

நீ விட்ட வரியை நான் முடிக்கிறேன். பழைய முறைக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். நாம் இப்போது எழுதுகிற தமிழ் எழுத்து ஒன்றைக் கொடுத்தால், தனக்குத் தெரியாத ஆள் என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, அசல் எழுத்தை வீசிவிடும். திரும்ப எடுக்க முடியாது. சிங்களப் படிவம் தனிக் கோப்பு, அதை யாரும் திறக்கவில்லை, அதனால் தப்பியது. இதைக் கடை மெசினில் இப்போதுதான் செய்து பார்த்தேன். ஒரு மாதமாக வராத கேள்விக்குறி முதல் தரத்திலேயே வந்தது. கடைக்காரர் நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்தார்.

சந்தோஷப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு ஒன்று ஞாபகம் வந்தது.

பெப்ரவரியில் என் மெசின் ரிப்பெயருக்குப் போனபோது மூன்று நாள் உன் மேசையில் வேலை செய்தேன். உன் எடிட்டரில் என் பெயரும் பாஸ்வேர்டும் அடித்தேன். அழித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஒரே கேள்வி. மே ஏழாம் திகதி மாலை என் கோப்பை நீ திறந்தாயா? ஆமா, இல்லை, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

சுபாஜினி

* * *

திகன
20.06.2025

சுபா,

ஆமா.

நீ பஸ்ஸுக்குப் போன பிறகு திறந்தேன். சங்கத்துக்காரர்கள் தங்களுக்கும் ஓர் அங்கத்தவர் படிவம் கேட்டார்கள். நான் செய்தால் பெட்டிகளெல்லாம் போனில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. உன் படிவம் எந்தப் போனிலும் ஒழுங்காக நிற்கும். நீ அதை எப்படிச் செய்தாய் என்று பார்க்கத்தான் திறந்தேன். உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று சிரிப்பாய். நீ சிரிப்பாய், சுபா, உன் பழக்கம் அது.

உன் பெயரில்தான் உள்ளே போனேன். என் பெயருக்கு அந்தத் தளத்தில் அனுமதி இல்லை. பார்த்தேன், இரண்டு வரியைக் கொப்பி பண்ணினேன், என் கோப்பின் ஜன்னலுக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அது தானாகச் சேமித்திருக்க வேண்டும். நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அல்லாஹ்மேல் ஆணை, நான் கெடுத்தேன் என்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் அரூஸ் நானா கேட்டபோது பாஸ்வேர்ட் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். ஐந்து இருபதுக்குத் திறந்ததும் தெரியும். நான் பார்க்கத்தானே பார்த்தேன், பார்த்தது எப்படிப் பிழையாகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் பாஸ்வேர்டில் போனால் அந்த நிமிஷமே வேலை இல்லை என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார். என் கூடப்பிறந்த நானாவுக்கு விபத்து நடந்த பிறகு வீட்டில் சம்பளம் எடுப்பது நான் ஒருத்தி. பயந்தேன். கீபோர்டைப் பார்த்தேன்.

எடிட்டர் தேடுகிற சாக்கில் உனக்கு எழுதினேனே, அதுகூட எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ என்னவோ.

றமீஸா

* * *

ஹேவாஹெட்ட
23.06.2025

றமீஸா,

மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் நீ வாசிக்க முடியாத மாதிரி எழுதியிருப்பேன்.

கோப்பு கெட்டது பிழை. அதை நான் விட்டுவிடுகிறேன். பாமினிக்கு ஒரு சரி போட்டுவிட்டு மறப்பது, அதுவே நாளைக்கு வேறொன்றைத் தின்பது, நம் வேலையில் யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கும். பாஸ்வேர்டை அழிக்காமல் போனதும் நான்தான்.

நீ வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஐந்து வாரம். என் அம்மா குழாயடிக்கு விடியமுன் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார், மற்றவர்களைச் சந்திக்காமல் இருக்க. நீ வட்டிலப்பம் சாப்பிட்டாய்.

நான் சிரிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமா, சிரிப்பேன். ஆனால் சிரித்துவிட்டுச் சொல்லித் தருவேன். அதை எழுத மறந்துவிட்டாய்.

உனக்கு மூன்று வேலை இருக்கிறது. அரூஸ் நானாவிடம் சொல். பயிற்சி நிலையத்தில் போய்ச் சொல், ஓகஸ்ட்டில்தான் வகுப்பு ஆரம்பம், இன்னும் நேரம் இருக்கிறது. மூன்றாவது, இங்கே வந்து பாலம்மா அக்காவிடம் உன் வாயால் சொல். உனக்காக நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன். சொன்னால், இவள் தப்பிக்கக் கதை கட்டுகிறாள் என்பார்கள்.

சுபாஜினி

* * *

திகன
27.06.2025

அன்புள்ள சுபா,

இரண்டு வேலை முடிந்தது.

புதன்கிழமை அரூஸ் நானாவிடம் சொன்னேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாரோ என்று, அவர் கண்ணுக்கு முன்னாலேயே என் எடிட்டரில் ஒரு வரி எழுதி, மூடி, திறந்து காட்டினேன். கேள்விக்குறிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "ஒரு மாசத்துக்கு மேல ஏன் வாயத் தொறக்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

வாடிக்கையாளரிடம் போகிறேன் என்றதும் தயங்கினார். நம் கந்தோரின் பெயர் கெடும், அவர்கள் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றார். நான் என் பெயரில் கடிதம் எழுதினேன், நடந்ததை ஒன்றுவிடாமல், என் கையெழுத்தோடு. அவர் வாசித்தார். பிறகு தானும் கையெழுத்து வைத்து, கூடவே வந்தார்.

பயிற்சி நிலையத்து மிஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தமிழ்ப் பிரிவில் இருபது இடம், ஒன்பது இன்னும் காலியாம். சிங்களத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "தோட்டப் பிள்ளைகளுக்கு இதில் விருப்பமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்." சுபா, எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க அரூஸ் நானா லேஞ்சியை நீட்டினார்.

திங்கள் காலையிலிருந்து புதன் பின்னேரம் வரை தமிழ்ப் படிவத்தைத் திரும்பத் திறக்கிறார்கள். உன் பிரதியை அனுப்பு, அதையே போடுகிறோம்.

எடிட்டரையும் தெரிவு செய்துவிட்டேன். சிட்டு. கடைசியில் காரணம் நிறமும் இல்லை, வேகமும் இல்லை. எந்த முறையில் சேமிக்கிறேன் என்பதைக் கீழ் மூலையில் எந்த நேரமும் காட்டிக்கொண்டிருக்கிறது, மறைக்கச் சொன்னாலும் மறைக்காது. சங்கத்தின் பழைய பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புதுத் தமிழுக்கு மாற்றப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. அரூஸ் நானா உன்னைத் திரும்ப வரச் சொல்கிறார், அவரே உனக்குப் போன் எடுப்பார். என்னைப் பற்றிக் கேட்டேன். "ஒன்ட விஷயத்த சுபாவே முடிவு செய்யட்டும். அவ இருன்னா இரு, போன்னா போ" என்றார். நீ என்ன சொன்னாலும் அது சரி. இதை நல்ல பிள்ளை வேஷம் போட எழுதவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். எங்கே இறங்குவது என்று மட்டும் எழுது.

றமீஸா

* * *

ஹேவாஹெட்ட
29.06.2025

றமீஸா,

நீ இரண்டு மணி பஸ்ஸில் ஏறியபோது உன் முகத்தைப் பார்த்தேன். பாலம்மா அக்கா ஒன்றுமே சொல்லாமல் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார், மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாலு மணிபோல எங்கள் வீட்டு வாசலில் ஆள் அரவம். பாலம்மா அக்காவும் நிலூஷாவும். மே மாதத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசல் மிதித்தது இன்றுதான். அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"அந்த முஸ்லீம் புள்ள தெரியாம செஞ்சிருச்சு. இவ்வளவு தூரம் வந்து சொல்லுது, பாவம், அதுகிட்ட எனக்கு என்னா கோவம்? எனக்கு ஆரம்பத்துலருந்தே ஒம்மேலதான் கோவம் சுபா" என்றார்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. இத்தனை கடிதத்திலும் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பகல் திருவிழாவில் நிலூஷா என்னிடம் வந்தாள். போனை நீட்டி, "அக்கா, கேள்விக்குறியாத்தான் வருது" என்றாள். நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. புதுச் சேலை, சுற்றிவரச் சொந்தக்காரர்கள், வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். "என் பக்கத்துல பிழையே வராது. ஒன்னோட போன் கோளாறு, பொறகு பாப்போம்" என்றேன். அப்போது மணி பன்னிரண்டு. ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. என்னிடம் பிரதி இருந்தது, போனில் இருந்தே பத்து நிமிஷத்தில் சரி செய்திருப்பேன்.

"யாரு ஒடச்சாங்கன்னு எனக்கு என்னா தெரியும்? என் புள்ள ஒன்கிட்ட வந்து காட்டுனிச்சு. நீ பாக்கவே இல்லியே" என்றார் அக்கா.

நான் அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். இத்தனை நாள் நான் கேட்காததும் அதைத்தான். உன்மேல் பழி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது தெரியுமா? கேள்விக்குறி எப்படி வந்தது என்று ஒரு மாதம் நோண்டினேன். வந்ததைக் காட்டியவளை ஏன் பார்க்கவில்லை என்று ஒரு நாளும் நோண்டவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிலூஷாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் ஓ.எல். சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையோடு என் மடியில் வைத்தார். "நாளைக்கு தொறந்த ஒடனே நீயே பக்கத்துல உக்காந்து போடு. போட்டு முடிஞ்சதும் என்னையும் கூப்புட்டுக் காட்டு" என்றார்.

அவர்கள் போன பிறகு அரூஸ் நானாவுக்குப் போன் எடுத்தேன். வியாழக்கிழமை வேலைக்கு வருகிறேன், புதன்வரைக்கும் இங்கே படிவம் போடுகிற பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்றேன். உன்னைப் பற்றிக் கேட்டார். நீ இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக ஒருத்தியை அனுப்புவதென்றால் என்னையும் அனுப்ப வேண்டி வரும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

இதற்காக நாளையே பழையபடி சிரித்துக் கதைப்பேன் என்று நினைக்காதே. என் அம்மா இருட்டில் தண்ணீர் தூக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இருக்கிறது. வியாழக்கிழமை அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன். நீ பக்கத்தில் ஒரு கதிரை போட்டு வை. அந்தப் படிவம் போனில் எப்படி ஒழுங்காக நிற்கிறது என்று சொல்லித் தருகிறேன்.

சுபா